முழங்கையில் சொட்டுகிறதா, உப்புப் பூக்கிறதா

மீனா, குமரா, நீங்கள் இரண்டு பேரும் என் தொழிலுக்கே வந்து சேர்வீர்கள் என்று நான் நினைத்ததில்லை. மீனா தொழிற்சாலையின் முதலுதவி அறையில், குமரன் ஆம்புலன்ஸில். வீட்டில் நீங்கள் வங்காள மொழியில்தான் சண்டை போட்டுக்கொள்கிறீர்கள். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும். மெதுவாகப் படியுங்கள். உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நீங்களே உங்கள் பாஷையில் சொல்லிக்கொடுங்கள்.

கட்டுப் போடுவது, நாடி பார்ப்பது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் எழுத நினைப்பது ஒரே ஒரு சின்னக் கேள்வியைப் பற்றி. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து நிற்கிறவனுக்குக் குடிக்க எதைக் கொடுப்பது, சூடாகவா, குளிர்ச்சியாகவா? சமையல்கட்டில் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது, இல்லையா? கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு மனிதனின் உயிர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மனித உடம்பைப் பார்த்து வாயடைத்துப் போனதும் அந்தக் கோடையில்தான். இன்னும் அந்த ஆச்சரியம் எனக்குத் தீரவில்லை.

அந்த வருஷம் சித்திரை பிறப்பதற்கு முன்பே மேற்குக் காற்று வந்துவிட்டது. பீகார் பக்கத்திலிருந்து வரும் காய்ந்த காற்று. கப்பல்துறையின் இரும்புத் தூண்களில் கை வைக்க முடியாது. மூட்டை தூக்கும் ஆட்களின் பனியன்களில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து, வெள்ளை வெள்ளையாய் உப்பு படிந்திருக்கும். முதுகில் தேச வரைபடம் போட்ட மாதிரி.

நான் அப்போது முதலுதவி அறையில் உதவியாளர். அறையில் ஒரு தண்ணீர் குளிர்விப்பான் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து பிடித்துக் கொடுப்பேன். சூட்டுக்குக் குளிர்ச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதை வாங்க மறுத்தவன் லக்கன். பீகார்க்காரன். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டைகளை அடுக்கிக் கொக்கியில் மாட்டும் கூட்டத்தில் ஒருவன். பரந்த மார்பு, கழுத்தில் துளசி மணிமாலை. அந்த மாலை போட்டவர்கள் மீனையும் கறியையும் தொடமாட்டார்கள். கல்கத்தாவில் இருந்துகொண்டு மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவனை எல்லாரும் கேலி செய்வார்கள். அவனும் எல்லாரையும் கேலி செய்வான். எனக்கு அவன் வைத்த பெயர் மதராஸி கம்பவுண்டர்.

தகிக்கும் மத்தியானத்தில் அவன் குடிப்பது லேபு சா. எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட, பால் இல்லாத கொதிக்கும் தேநீர். மண்குவளையில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பான். நான் ஐஸ் தண்ணீரை நீட்டினால் அவன் இந்தியில் சொல்வதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"இதைக் கொண்டுபோய் உன் ஆபீஸ் பாபுங்களுக்குக் குடு, கம்பவுண்டர். அவங்கதான் ஃபேனுக்கு அடியில வேர்க்கிறவங்க."

இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று நான் டாக்டரிடம் போனேன். எங்கள் மருந்தகத்துக்கு வாரத்தில் சில நாள் வரும் வங்காளப் பெண் டாக்டர். நாங்கள் எல்லாரும் டாக்டர் திதி என்போம். உங்களுக்குத் தெரியும், திதி என்றால் அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் திதி. என்னை அவர் தாதா என்பார், அண்ணன் என்று. அவர் லக்கனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார்.

இரண்டு புறங்கையிலும் தண்ணீரைத் தடவினார். ஒரு கையை மட்டும் பாலித்தீன் பைக்குள் விட்டு மணிக்கட்டில் கட்டினார். இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெறும் கை சில்லென்று ஆனது. பைக்குள் இருந்த கை புழுங்கியது. அதே தண்ணீர்தான், அதே விசிறிதான்.

"எந்தக் கை குளுந்துச்சு, தாதா?" என்று கேட்டார்.

"காய்ஞ்ச கை, திதி."

"ஆங். ஈரம் குளிர்ச்சி தராது. ஈரம் காயிறதுதான் குளிர்ச்சி."

பிறகு அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன். வெயிலில் உடம்பைக் காப்பாற்றுவது நாம் குடிக்கும் தண்ணீரின் குளிர்ச்சி அல்ல, தோலின் மேல் வியர்வை காய்வதுதான். அது காய்ந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வாயிலும் வயிற்றிலும் சூடு அறிகிற நரம்புகள் இருக்கின்றனவாம். கொதிக்கிற தேநீர் உள்ளே இறங்கியதும், அந்தச் சூடு ரத்தத்தில் முழுதாய்க் கலப்பதற்கு முன்பே அவை சேதி அனுப்பிவிடும். சூடு வருகிறது, வியர்வையைத் திற என்று. உடம்பு திறந்துவிடும். தேநீர் கொண்டுவந்த சூட்டைவிடக் கூடுதல் சூட்டைக் கூடுதலாய் வந்த அந்த வியர்வை வெளியே கொண்டுபோய்விடும். ஐஸ் தண்ணீர் குடித்தால் அதே நரம்புகள் வியர்வையைக் குறை என்று சொல்லிவிடும். தொண்டைக்குச் சுகம்தான். ஆனால் காய்ந்த வெயிலில் நிற்கிறவனுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை.

நான் பத்தாம் வகுப்பு. குளிர்சாதனப் பெட்டிக்கு மோட்டார் வேண்டும், கரண்ட் வேண்டும், வாயு வேண்டும் என்பது தெரியும். இங்கே ஒருவன் அழுக்குப் பனியனோடு மண்குவளையில் தேநீர் குடிக்கிறான். அவனுக்குள் யாரோ உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் போடுகிறார்கள். அவன் கேட்காமலே, அவனுக்குத் தெரியாமலே. அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்களின் நெற்றி வியர்வையைக் கோயிலில் விக்கிரகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு அம்மாள் முறைத்தபிறகுதான் சுயநினைவு வந்தது.

ஆனால் திதி அதோடு நிறுத்தவில்லை. பாலித்தீன் பையை என் கண்முன் ஆட்டிக் காட்டி, இது இந்தக் காற்றுக்குத்தான் செல்லும், காற்று மாறினால் கணக்கும் மாறும் என்றார். தெற்கே கடலிலிருந்து ஈரக் காற்று வந்துவிட்டால் இந்த ஊரே இந்தப் பைக்குள் போய்விடும். அப்போது சூடாகக் குடித்து வியர்வையைத் திறந்தால் அது காயாது, சொட்டி வீணாகும். உள்ளே போன சூடு உள்ளேயே நிற்கும். அப்போது குளிர்ந்ததைக் கொடு என்றார்.

இதில் முதல் பாதியை மட்டும் கேட்டவன் ஒருவன் உண்டு. லக்கன் அறை வாசலில் நின்றிருந்தான். டாக்டரே தேநீர்தான் மருந்து என்று சொல்லிவிட்டாள் என்று கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பையை ஆட்டிய சமயத்தில் அவன் ஓடியே போய்விட்டான். மறுநாளிலிருந்து கப்பலுக்குள் தேநீர் கெட்டிலைக் கயிறு கட்டி இறக்கும் வழக்கம் ஆரம்பித்தது. ஐஸ் தண்ணீர் கேட்கிறவனைப் பார்த்து, ஆபீஸ் பாபு மாதிரி உனக்கு ஒரு தொப்பியும் மேஜையும் போடவா என்று கேட்பார்கள். மற்றப் பாதியை நான் பலமுறை சொன்னேன். மதராஸி தோற்றுப்போன கோபத்தில் பேசுகிறான் என்றார்கள். பிள்ளைகளே, மருத்துவப் பேச்சில் பாதி மட்டும் எப்போதும் வேகமாக ஓடும். நீங்கள் எதைச் சொன்னாலும் மிச்சப் பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

காற்று மாறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் துவைத்துப் போட்ட சட்டை மத்தியானம் வரை கொடியில் பிழியப் பிழிய ஈரமாய்க் கிடந்தது. வங்காளிகள் பியாப்ஷா என்று சொல்லும் அந்தப் புழுக்கம். வெயில் முந்தின நாட்களைவிடக் குறைவுதான். அதனால்தான் யாரும் பயப்படவில்லை. பட்டாணி மூட்டை ஏற்றிவந்த கப்பல் ஒன்று துறையில் நின்றது. அதன் வயிற்றுக்குள் காற்று என்ற பேச்சே இல்லை. கெட்டில் மட்டும் கயிற்றில் போவதும் வருவதுமாய் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கீழே கூப்பிட்டார்கள். லக்கன் யாரையோ அடிக்கப் போகிறான், வந்து பார் என்றார்கள். இரும்பு ஏணியில் இறங்கினேன். பாதியிலேயே மூச்சு முட்டியது. லக்கன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து வியர்வை குழாய் திறந்தமாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் யாரென்று கேட்டேன். யாரோ தன் மாட்டை அவிழ்த்துவிட்டதாகச் சொல்லித் திட்டினான். தோலில் கை வைத்தேன். அடுப்புக் கல் போல் இருந்தது.

கூட்டத்தின் தலைவரை சர்தார் என்போம். வயதானவர், நல்லவர். அவர் சொன்னார், வேர்வை இப்படிக் கொட்டுகிறது, வெயில் தாக்கியிருந்தால் தோல் காய்ந்திருக்கும், இவனுக்குக் கோபம்தான், வேறொன்றும் இல்லை என்று. நிறையப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள், படித்தவர்கள்கூட. வேலை செய்துகொண்டே விழுகிறவனுக்கு வியர்வை நிற்க வேண்டும் என்பதில்லை. தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேச்சைப் பாருங்கள். தெரிந்த மனிதன் தெரியாத மனிதனாகப் பேசினால் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்தார் பேசி முடிப்பதற்குள் லக்கன் பக்கவாட்டில் சரிந்தான்.

ஒருவன் கெட்டிலை எடுத்து அவன் வாயில் ஊற்றப் போனான். இன்னொருவன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். இரண்டு பேர் கையையும் தட்டிவிட்டேன். நினைவு தப்பியவன் வாயில் சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போனால் அதுவே எமன்.

திதிக்குப் போன் போட்டேன். அவர் அலிப்பூர்ப் பக்கம் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாலம்?"

எங்கள் துறைமுகச் சாலையில் கப்பல் நுழையும்போது பாலத்தை நடுவில் பிளந்து மேலே தூக்கிவிடுவார்கள். அன்று அது தூக்கியிருந்தது, அதைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

"அப்ப வண்டிக்காகக் காத்திருக்காதீங்க, தாதா. முதல்ல குளிர வைங்க, அப்புறம் ஏத்துங்க. ஐஸ்ல முக்குங்க. அவன் அவனாப் பேசுற வரைக்கும் நிறுத்தாதீங்க."

கரைக் கிரேன் ஓட்டியவர் தூத்துக்குடிக்காரர். நாங்கள் அண்ணாச்சி என்போம். சரக்கு தூக்கும் தட்டில் லக்கனைக் கிடத்தி, நானும் கூட ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆளைத் தூக்க வைத்த தட்டு இல்லை அது. அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். மேலே கூண்டுக்குள்ளிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"தம்பி, லாரி இஞ்சினைப் போட்டு நிக்குது. சர்தார் லாரியில எறக்குங்காரு. நீ தரையில எறக்குன்னு சொல்லுத. நான் யாரு பேச்சைக் கேக்க? சீக்கிரம் சொல்லுடே."

லாரி சுற்றுவழியாகப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. போகிற வழியெல்லாம் அவன் உள்ளே வெந்துகொண்டே போவான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் என்று சொன்னால் என்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள். இங்கேயே வைத்து, இவன் செத்தால் நான்தான் கொன்றவன். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மடியில் இருந்த தலையின் சூடு என் வேட்டியைத் தாண்டித் தொடையில் சுட்டது.

"தார்ப்பாய் பக்கத்துல தரையில இறக்குங்க அண்ணாச்சி" என்றேன்.

மூட்டைகளை மூடும் பெரிய தார்ப்பாய் ஒன்றை நாலு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடித்தார்கள். தொட்டி போல் ஆயிற்று. லக்கனை அதில் விட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்தோம். ஐஸ்? கப்பல் சமையல்காரர் கொஞ்சம் கொடுத்தார், போதவில்லை. துறைமுகத்தில் மிச்ச ஐஸ் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கேண்டீனில் ருயி மீன் வைத்திருக்கும் பெட்டி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சர்தார் குறுக்கே கை நீட்டினார். கொதிக்கிற உடம்பில் ஐஸ் கொட்டினால் ஜன்னி கண்டு செத்துவிடுவான் என்றார். அதைவிட மெதுவான குரலில், அவன் மாலை போட்டவன், மீன் பட்ட ஐஸ்ஸில் அவனைக் கிடத்தினால் பிழைத்து எழுந்து உன்னை மன்னிப்பானா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கேலி செய்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

"பிழைச்சு எழுந்து என்னை அடிக்கட்டும், சர்தார்ஜி" என்றேன். அவர் கையை எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக் கவிழ்த்தார்.

தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். தலையை மட்டும் நான் தூக்கிப் பிடித்திருந்தேன். பனிக்கட்டிகள் உருகுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு சூடா என்று நினைத்தேன். காற்றில் போக வழியில்லாமல் வியர்வைக்குப் பின்னால் அடைபட்டு நின்ற சூடு எல்லாம் இப்போது தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் கதவைத் திறந்தார், வழி இல்லை, மறுபடி திறந்தார், வழி இல்லை. கடைசிவரை தன் வேலையை விடவே இல்லை. அந்த முழங்கையில் சொட்டிய ஒவ்வொரு சொட்டும் அவர் தட்டிய தட்டுத்தான். அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. பயத்தினால் இல்லை. இது எப்படிப்பட்ட வீடு, இதற்குள் நாம் வாடகையில்லாமல் குடியிருக்கிறோமே என்று.

முதலில் அவன் தாடை நடுங்கியது. பிறகு தோள். சர்தார் ஜன்னி என்று முணுமுணுத்து ராமனைக் கூப்பிட்டார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். லக்கன் கண்ணைத் திறந்தான். மூக்கைச் சுருக்கினான். இன்னொரு முறை இழுத்து முகர்ந்தான்.

"எவன்டா என்னை மீன்கூடப் போட்டது?"

தார்ப்பாயைப் பிடித்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், சிரித்ததில் ஒரு பக்கம் கை நழுவிப் பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. நான் யாரென்று அவனிடம் கேட்டேன். மதராஸி கம்பவுண்டர் என்று சொல்லிவிட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தான். அவன் அவனாகப் பேசிவிட்டான். மேலே கிரேன் கூண்டிலிருந்து அண்ணாச்சி இரண்டு தடவை மணி அடித்தார்.

பாலம் இறங்கி, ஆம்புலன்ஸும் திதியும் வந்து சேர்ந்தார்கள். நன்றாகப் பேசுகிறானே, எதற்கு ஆஸ்பத்திரி என்றார்கள் ஆட்கள். திதி கேட்கவில்லை. உள்ளே சிறுநீரகமும் ஈரலும் என்ன பாடு பட்டிருக்கின்றன என்று வெளியே தெரியாது என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். குமரா, இது உனக்கு. எழுந்து பேசுகிறான் என்று வழியில் இறக்கிவிடாதே. வண்டியில் ஏறும்போது லக்கன் நடுங்கிக்கொண்டே தேநீர் கேட்டான். கையில் குவளையைத் தானே பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார் திதி.

அவன் திரும்பி வந்தபோது மழைக்காலம் நெருங்கியிருந்தது. நேராக என் அறைக்கு வந்தான். நான் எழுந்து நின்றேன். அடிக்கட்டும் என்று சொன்னவன் நான்தானே. கங்கையில் முழுக்குப் போட்டுவிட்டேன், ஊருக்குப் போய்ப் புது மாலையும் போட்டுக்கொண்டேன் என்றான். மீனைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. கண் குளிர்விப்பான் பக்கம் போனது.

பிறகு வலது கையை மடக்கி, முழங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பார்த்துச் சொல்லு, கம்பவுண்டர். டீயா, தண்ணியா?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் நான் பார்த்தேன். முழங்கை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, தரையில் விழுந்தது. குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தான்.

அன்றிலிருந்து கப்பலிலிருந்து ஏறி வரும் ஒவ்வொருவனும் அப்படித்தான் நீட்டினான். சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். உப்புப் பூத்து வெள்ளையாய் இருந்தால் காற்றில் நின்று தேநீர். சொட்டினால் குளிர்ந்த தண்ணீர். கெட்டில் அதன்பிறகு கயிற்றில் இறங்கவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளிலும் எனக்கு மாலை போட்டுவிட்டு, லக்கன் தன் முழங்கையை நீட்டினான்.

நான் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது.